பதினேழாவது மரம்

சனிக்கிழமைப் பதிவேட்டில்
இருபத்து மூன்று பெயர்.
புதுவயல் பிள்ளைகள் மினிபஸ்ஸில்,
பள்ளத்தூர்ப் பிள்ளைகள் சைக்கிளில்.
கடைசியாக வந்தவன் சவரிமுத்து,
எட்டாம் வகுப்பு, பி பிரிவு.
நகக்கண்ணில் கரி.

பூங்காவில் நான் இளையோர் பொறுப்பாளர்.
பதினோரு மாத ஒப்பந்தம்,
பச்சைச் சட்டை, விசில்,
செம்மண் தின்று முனகும்
ஒரு மின்விசிறி.

மார்கழியில் நானே எழுதி ஒட்டிய சுவரொட்டி:
'சீமைக்கருவேலம் நம் கண்மாயின் எதிரி.
மண்ணில் ஈரம் இருக்கையில்
வேரோடு பிடுங்குவோம், வாரீர்.'

வந்துவிட்டார்கள்.
மகளிர் குழு கடப்பாரையோடு.
அரிமா சங்கம் கையுறையோடும்
புகைப்படக்காரரோடும்.
பஞ்சாயத்தின் பங்காக ஒரு ஜேசிபி,
அரை டேங்க் டீசல்.

பிடுங்குமுன் எண்ண வேண்டும் என்பது
பாடத்திட்டத்தில் என் சொந்தச் செருகல்.
இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டேன்.
மரத்துக்கு எண் போடு,
சுற்றளவு எழுது,
மேலே என்ன, கீழே என்ன.

உமையாள் எழுதியிருந்தாள்:
'ஒன்று முதல் பதினாறு வரை முள்.'
கீழே கோடு போட்டு, 'ஐயோ.'

பதினேழாவதன் அடியில்
சவரிமுத்துவும் பர்கத் நிஷாவும்
அரை மணி நேரமாக அண்ணாந்து நின்றார்கள்.
விசில் ஊதினேன்.
திரும்பாமலே கையை ஆட்டி
என்னை அமர்த்தினாள் நிஷா.

போய்ப் பார்த்தேன்.
கீழே சுண்ணாம்பு கொட்டியதுபோல் எச்சம்,
அதில் வெளிறிய பச்சையில் ஒரு முட்டை ஓடு.
மேலே, முள்ளுக்குள் முள்ளாக,
மடையான் கூடு ஒன்பது.
'சுற்றளவு: என் ரெண்டு கை, அவ ஒரு கை'
என்றது நோட்டு.

அவன் கேட்டான்:
"எங்கப்பா இந்த மரத்தத்தான் வெட்டி
மூட்டம் போடுறாரு.
கூடு இருந்தா மட்டும்
அத விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருவாரு.
இத எந்தக் கட்டத்துல எழுதணும் அக்கா?"

படிவம் நான் போட்டது.
ஆறு கட்டம்.
அதில் அவன் அப்பா இல்லை.
எதிரியின் மடியில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கும்
இடமில்லை.

சங்கத் தலைவர் இரண்டு தரம்
கடிகாரம் பார்த்தார்.
ஜேசிபி ஓட்டுநர் பீடியை அணைத்து
"எது மொதல்ல?" என்றார்.
யாரும் பேசவில்லை.
சவரிமுத்து பள்ளிக்கூட பெல்ட்டை உருவி
அந்த அடிமரத்தில் கட்ட முயன்றான்.
எட்டவில்லை.
நிஷா தன் பெல்ட்டையும் கழற்றிக் கோத்தாள்.
மீதி நேரம் முழுக்க அவன்
ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடியே
மரக்கன்று சுமந்தான்.

பதினாறு சாய்ந்தது.
பதினேழைச் சுற்றி வளைந்துபோன
சக்கரத் தடத்தில்
மறுநாளே தண்ணீர் ஊறி
தட்டான் பறந்தது.

சாயங்காலம் அவன் அப்பா வந்தார்,
தாங்கல் ராயப்பன்.
கும்பிடாமல், கோபப்படாமல்,
பிடுங்கிப்போட்ட தூர்களைக் காலால் புரட்டி
"தூர்க்கரி நின்னு எரியும்" என்றார்.
யாருக்கு என்று தீர்மானம் எழுதாத பதினாறு தூர்.
எனக்கு அதிகாரமில்லை.
"எடுத்துக்குங்க" என்றேன்.

ஞாயிறு முழுக்க
சுவரொட்டியைச் சுரண்டினேன்.
'எதிரி' என்ற இடத்தில்
பசை நன்றாகப் பிடித்திருந்தது.
அதன்மேல் என்ன எழுதுவதென்று
இன்னும் பிடிபடவில்லை.
மற்ற கரைகளில்
அது தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது,
அதுவும் பொய்யில்லை.

மாத அறிக்கையில்
இலக்கு: பதினேழு. நீக்கியது: பதினாறு.
காரணம் என்ற இடத்தில்
'ஒன்பது' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.
விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

திங்கள் காலை முதலில் வந்தது
உடற்கல்வி ஆசிரியரின் போன்.
எட்டாம் வகுப்பில் இரண்டு பேர்
பெல்ட் போடாமல் வந்திருக்கிறார்களாம்,
கேட்டால் உங்கள் பெயரைச் சொல்கிறார்கள்.

ஆமாம் சார், மரத்தில் இருக்கிறது என்றேன்.
பங்குனி வரைக்கும்
வேண்டியிருக்கும்.